நாலு அடுப்பு இருந்தால் தப்பா?

– மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை

நம்ம ஒர்க்ஷாப்பில் லேத் இருக்கிறது. ஷேப்பர் இருக்கிறது. டிரில்லிங் மெஷின், மில்லிங் மெஷின், மூலையில் கொல்லுலை எல்லாம் இருக்கிறது. "லேத்துதான் இருக்கே, அப்புறம் எதுக்கு ஷேப்பர்?" என்று எந்த இன்ஸ்பெக்ஷன் கமிட்டியும் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் நாம் சிரிப்போம். உருளையாகக் கடைய ஒன்று, தட்டையாகச் சீவ ஒன்று, ஓட்டை போட ஒன்று. வேலைக்குத் தக்க மெஷின். இது முதல் வருஷத்துப் பையனுக்கே தெரியும்.

ஆனால் ஒரு வீட்டில் நாலு அடுப்பு இருந்தால் மட்டும் நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது நண்பர்களே?

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு ஒன்று. வெளியே ஓலைச் சாய்ப்பின் கீழே மண்ணால் போட்ட கொடியடுப்பு ஒன்று. இரும்பு வாளிக்குள் களிமண் பூசிச் செய்த கரி அடுப்பு ஒன்று. பழைய எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த மரத்தூள் அடுப்பு ஒன்று. ஆக நாலு. (ஐந்தாவதாக ஒரு திரி ஸ்டவ் பரணில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு திட்டுகிறேன்.)

இதை ஹாஸ்டலில் சொன்னபோது, "உங்க வீட்ல என்னடா, மெஸ் நடத்துறீங்களா?" என்றான் ஒருவன். "கேஸ் வந்தும் இன்னும் விறகா? எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்றான் இன்னொருவன். இப்படிக் கேட்டவனே அன்று ராத்திரி செல்போனில் ஒரு அமெரிக்காக்காரர் தன் வீட்டுப் பின்புறத்தில் நாலு விதமான பார்பிக்யூ அடுப்புகளை வரிசையாக நிறுத்திக் கறி சுடுவதைப் பார்த்துவிட்டு, "செம செட்டப்டா!" என்று வாயைப் பிளந்தான். அவர் வைத்திருந்தால் செட்டப். எங்கம்மா வைத்திருந்தால் பட்டிக்காடு! இந்தக் கட்டுரையை எழுத வைத்த கோபம் அதுதான்.

முதலில் அந்த அமெரிக்காக்காரரையே எடுத்துக்கொள்வோம். அவர் முட்டாள் இல்லை. அவருடைய நாலு அடுப்புக்கும் நாலு காரணம் உண்டு. உருண்டையாக, மூடி போட்டு, மூன்று காலில் நிற்கிறதே, அது கெட்டில் கிரில். 1952-ல் சிகாகோ பக்கத்தில் ஒரு தகர வேலைப் பட்டறையில் இருந்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தண்ணீரில் மிதக்கவிடும் உலோக மிதவையை இரண்டாக வெட்டி, பாதியைக் கிண்ணமாகவும் பாதியை மூடியாகவும் வைத்துச் செய்தது. மூடி வந்த பிறகு காற்றைத் துளை வழியே கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. இரண்டாவது, கேஸ் கிரில். வேலைநாளில் அவசரத்துக்கு. மூன்றாவது, ஆஃப்செட் ஸ்மோக்கர். நெருப்பு ஒரு பெட்டியில், கறி பக்கத்துப் பெட்டியில். நெருப்பு கறியைத் தொடாது. சூடும் புகையும் மட்டும் பக்கவாட்டில் போய்க் கறியைத் தடவிவிட்டு மறுபக்கம் புகைபோக்கியில் வெளியேறும். டெக்சாஸ் மாநிலத்தில் எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களை வெட்டி வெல்டிங் வைத்தே இவற்றை நிறையச் செய்தார்கள். (வெல்டிங் லேபில் தூங்குகிறவர்கள் கவனிக்கவும்!) நான்காவது, முட்டை மாதிரி கனத்த பீங்கான் அடுப்பு. அதற்குப் பெயர் காமாடோ. ஜப்பான் மொழியில் காமாடோ என்றால் அடுப்பு, அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனது. சுவர் கனமாக இருப்பதால் ஒருமுறை சூடேறினால் மணிக்கணக்கில் சூடு இறங்காது.

மாட்டின் மார்புக் கறி மகா முரடு. அதைக் கேஸ் தீயில் அரைமணி நேரம் வாட்டினால் செருப்புத் தோல்தான் கிடைக்கும். ஸ்மோக்கரில் 110 டிகிரி சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விட்டால், நார்களைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் மெதுவாகக் கரைந்து ஜெலட்டின் ஆகி, கறி விரலில் பிரியும். அதே ஸ்மோக்கரில் மெல்லிய மீன் துண்டைச் சட்டென்று முறுகலாக்கச் சொன்னால் முடியாது. வெளிப்பக்கம் செம்பழுப்பாகி வாசனை வர வேண்டுமென்றால் மேற்பரப்பு 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும், அதுவும் சீக்கிரமாக. ஆகவே வேறு நெருப்பு. இதில் ஆடம்பரமும் கலந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. சிலர் வாங்கி வைத்துவிட்டு வருஷத்தில் இரண்டு தடவைதான் பற்றவைப்பார்களாக இருக்கும். ஆனால் அடிப்படை நியாயமானது. ஒரே நெருப்பு எல்லா வேலையும் செய்யாது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரில் சாயங்காலம் போய் நின்று பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் சுற்றிக்கொண்டிருக்கும் கிரில் சிக்கன், கேஸ் பர்னரின் கதிர்ச் சூட்டில் வேகிறது. பக்கத்தில் தகரத் தொட்டியில் கரி போட்டுப் பார்பிக்யூ. உள்ளே மண் பானை மாதிரி தந்தூரி அடுப்பு. அதே கோழி, மூணு நெருப்பு, மூணு விலை! அந்த மாஸ்டரிடம் போய் "ஏண்ணே மூணு அடுப்பு?" என்று கேளுங்கள். அடுத்த ஆர்டரைப் பார்க்கப் போய்விடுவார்.

இப்போது எங்கம்மாவின் நாலு அடுப்புக்கு வருகிறேன்.

கொடியடுப்பு என்பது பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பெரிய அடுப்பு ஒன்று, அதன் பக்கவாட்டில் சின்ன வாய் ஒன்று. விறகு பெரிய அடுப்பில் மட்டும்தான் எரியும். அங்கே பானையின் அடியைத் தொட்டுவிட்டு மிச்சமாகப் போகிற தீயும் சூட்டுக் காற்றும் உள்ளே இருக்கும் ஒரு சுரங்கம் வழியாகச் சின்ன வாய்க்கு வந்துவிடும். பெரியதில் சோறோ களியோ கொதிக்கும்போது, சின்னதில் குழம்பு தனி விறகு கேட்காமல் தளதளவென்று வெந்துகொண்டிருக்கும். மேலே சொன்ன டெக்சாஸ் ஸ்மோக்கரை நினைத்துப் பாருங்கள். நெருப்பு ஓரிடம், பண்டம் வேறிடம், நடுவில் சூட்டுக் காற்றின் பயணம். தத்துவம் ஒன்றேதான். நமக்கு வேஸ்ட் ஹீட் ரிகவரி என்று அஞ்சு மார்க் கேள்வியாக வருவது, எங்கள் பாட்டி கையால் மண் குழைத்துப் போட்டது.

எங்கள் பக்கம் ராகிக் களி. களி கிண்டுவது லேசான வேலை இல்லை. மாவு கட்டி விழாமல் துடுப்பைப் போட்டு உடம்பு பலத்தோடு சுழற்ற வேண்டும். பானை இம்மி ஆடக்கூடாது. கேஸ் அடுப்பின் மெல்லிய கம்பிக் காலில் பத்துப் பேருக்கான களிப் பானையை வைத்துக் கிண்டினால் அடுப்பே நகரும். மேடை மேல் இருப்பதால் தோள் உயரத்தில் துடுப்பைச் சுழற்றவும் முடியாது. தரையில் இருக்கிற மண் அடுப்பில் பானை பாதி புதைந்த மாதிரி உட்கார்ந்துவிடும். ஒர்க்ஹோல்டிங் சரியாக இருந்தால்தான் வேலை சரியாக வரும் என்று நம் இன்ஸ்ட்ரக்டர் தினமும் கத்துவது இதைத்தான்.

கரி அடுப்பு வேறு ரகம். தணலில் தீநாக்கு கிடையாது, ஓடுகிற சூட்டுக் காற்றும் குறைவு. அது கொடுப்பதெல்லாம் கதிர்வீச்சு. கதிர்வீச்சு வெப்பம், கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும் என்று படித்துவிட்டு மறந்திருப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 400 டிகிரி தணலை விசிறி 700 டிகிரிக்குக் கொண்டுபோனால், அது வீசும் வெப்பம் நாலு மடங்குக்கு மேல் கூடிவிடும். அதனால்தான் ஒரு விசிறு விசிறினால் அப்பளம் கண் முன்னால் பொரிகிறது. விசிறியை நிறுத்தினால் கத்தரிக்காய் மெதுவாக உள்ளுக்குள் குழைகிறது. நெத்திலிக் கருவாட்டைத் தணலில் சுட்டுப் பழைய சோற்றோடு தின்றவனுக்குக் கதிர்வீச்சைப் பற்றிப் புத்தகம் தேவையில்லை.

மரத்தூள் அடுப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. டின்னின் நடுவில் ஒரு குழவியையோ பாட்டிலையோ நிறுத்திச் சுற்றிலும் மரத்தூளைத் திணித்து நன்றாகக் குத்த வேண்டும். பிறகு நடுக்கட்டையை மெதுவாக உருவினால் ஒரு துளை நிற்கும். அடியில் பக்கவாட்டில் இன்னொரு துளை, காற்றுக்கு. அடியில் பற்றவைத்தால் அந்தக் குழாய்ச் சுவர் உள்ளிருந்து வெளியே அங்குலம் அங்குலமாக எரியும். துளை பெரிதாகப் பெரிதாக எரியும் பரப்பும் கூடும். யாரும் தொட வேண்டாம், ஊத வேண்டாம், மூன்று நாலு மணி நேரம் ஒரே சீராக எரியும். மாட்டுக்குக் கஞ்சி, மொச்சை அவிப்பது, நிலக்கடலை வேகவைப்பது எல்லாம் இதில்தான். மில்லில் குப்பையாகக் கிடந்த தூள். நடுவில் குத்துகிற பக்குவம் தப்பினால் மட்டும் இடிந்து விழுந்து புகையாய்ப் புகையும்.

கேஸ்? அது ராஜா. அதில் சந்தேகமே வேண்டாம். காலையில் ஐந்தரை மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவனுக்குக் காபியும் உப்புமாவும் பத்து நிமிஷத்தில் வேண்டுமென்றால் வேறு எதுவும் கிட்ட வர முடியாது. 2007-ல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்ததும், 2016 மே 1-ல் மத்திய அரசின் உஜ்வலா தொடங்கி, 10 கோடிக்கும் மேல் இணைப்புகள் போனதும் சாதாரண விஷயம் இல்லை. நான் கேஸுக்கு எதிரி அல்ல. கேஸ் ஒன்றே போதும் என்பவர்களுக்குத்தான் எதிரி.

அவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ. கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோ கலோரி. நல்ல ஐ.எஸ்.ஐ. அடுப்புக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சத் திறன் 68 சதவீதம். அதாவது ஒரு கிலோ கேஸில் பாத்திரத்துக்குள் போவது ஏறத்தாழ 7,500 கிலோ கலோரி. இப்போது ஒரு ஆள் குளிக்க 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுபோக வேண்டும்: 300 கிலோ கலோரி, 40 கிராம் கேஸ். நாலு பேர், முப்பது நாள் என்றால் 4.8 கிலோ. சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு வெந்நீரிலேயே போய்விட்டது! 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. அந்த ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைத்தார்கள், 2024 மார்ச்சில் இன்னும் 100 குறைத்தார்கள். குறைந்த விலையிலும்கூட, மார்கழிக் குளிரில் கேஸில் வெந்நீர் போட எங்கள் வீட்டில் யாருக்கும் மனசு வராது. தென்னை மட்டையும் சோளத்தட்டையும் சும்மா கிடக்கும்போது ஏன் வர வேண்டும்?

கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு இது புரிவதே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "சமையலுக்கு முக்கியமாகப் பயன்படுத்தும் எரிபொருள் எது?" என்று ஒரே கேள்வி, ஒரே பதில். எங்கம்மா மாதிரி ஆளுக்கு இதில் என்ன எழுதுவது? கேஸ் என்று எழுதினால் விறகுப் புகை காகிதத்தில் மறைந்துவிடும். விறகு என்று எழுதினால் "கொடுத்தும் திருந்தாதவர்கள்" என்று பெயர். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் இப்படிப் பல அடுப்பு வைத்திருப்பதற்கு ஸ்டவ் ஸ்டாக்கிங் என்று பெயரே வைத்திருக்கிறார்கள், ஏதோ வியாதி மாதிரி!

இதுவரை படித்துவிட்டு "சபாஷ், பழையதே சிறந்தது" என்று கைதட்டக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். உங்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது.

போன வருஷம் அம்மாவுக்கு இருமல் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "பீடி, சுருட்டு ஏதாவது பழக்கம் உண்டாம்மா?" என்றார். அம்மா சிரித்துவிட்டார். "அய்ய, என்னங்கம்மா நீங்க!" டாக்டரம்மா சிரிக்கவில்லை. "விறகடுப்பா?" என்று அடுத்த கேள்வி கேட்டார். "எத்தனை வருஷமா?" அம்மா விரல் விட்டு எண்ணப் பார்த்துவிட்டு, "வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்துங்க" என்றார்.

வீட்டுக்குள் எரியும் விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் இவற்றின் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அம்மாவின் முந்தானைக்குள் அடுப்படியில் தூங்குகிற குழந்தைகள் அவை. "விறகுச் சமையல் ருசியே தனி" என்று சாப்பாட்டு மேடைப் பேச்சுப் பேசுகிற ஆம்பளைகள் யாராவது ஊதுகுழலை எடுத்து ஒருவேளை ஊதியிருப்பார்களா? ருசி அவர்களுக்கு, புகை அவளுக்கு!

புகையின் ருசி பொய் இல்லை. மரத்தில் உள்ள லிக்னின் சிதையும்போது குவாயகால், சிரிங்கால் என்று சில பொருட்கள் வருகின்றன. புகை வாசனை அதுதான். கிருமியைத் தடுக்கிற குணமும் அதற்கு உண்டு. லட்சத்தீவில் மினிக்காய் தீவுக்காரர்கள் சூரை மீனை வேகவைத்து, புகையில் போட்டு, வெயிலில் காயவைத்து மாசிக் கருவாடு செய்கிறார்கள். கட்டை மாதிரி ஆகி மாதக்கணக்கில் கெடாது. எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கும் விதைச் சோளக்கதிரை வண்டு அண்டாததும் புகையால்தான். ஆனால் வண்டை விரட்டுகிற புகை நுரையீரலை மட்டும் தடவிக்கொடுக்குமா?

கரியில் புகை இல்லையே என்று நினைத்தால் அது இன்னும் மோசமான ஏமாற்று. கண் எரியாது, இருமல் வராது, ஆனால் கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. கொடைக்கானல் மாதிரிக் குளிர் ஊர்களில் அறைக்குள் பார்பிக்யூ கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை நாம் படித்திருக்கிறோம். டூர் போகிற நண்பர்கள் தயவுசெய்து இந்த ஒரு பத்தியையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கரி அடுப்பு வெட்டவெளிக்கு மட்டும்தான். குளிர்கிறதே என்று உள்ளே எடுத்துவராதீர்கள்.

அப்படியென்றால் என் கட்சி என்ன? அடுப்புகள் பல இருக்கட்டும். புகை போகட்டும். இரண்டும் ஒன்றாக முடியும். முடியாது என்பது சோம்பேறித்தனம்.

முயற்சி நடக்காமல் இல்லை. 1950-களின் தொடக்கத்திலேயே ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ்.பி. ராஜு என்பவர் புகைபோக்கி வைத்த அடுப்பைச் செய்துகாட்டினார். 1980-களில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அஸ்த்ரா ஒலெ என்ற மூன்று பாத்திர அடுப்பு வந்தது. 1980-களின் நடுவில் மத்திய அரசு புகையில்லா அடுப்புக்குத் தேசியத் திட்டமே போட்டு, 3 கோடிக்கும் மேல் அடுப்புகளைக் கட்டித் தள்ளிவிட்டு, 2002-ல் கடையைச் சாத்தியது. எத்தனை கட்டினோம் என்று எண்ணினார்களே தவிர, எத்தனை எரிகிறது என்று யார் பார்த்தார்கள்? பிற்பாடு ஒடிசாவில் ரெமா ஹன்னா, எஸ்தர் டஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவர் நாலு வருஷம் கூடவே இருந்து பார்த்தார்கள். முதல் வருஷம் புகை குறைந்தது, அப்புறம் குறையவில்லை. வீட்டுக்காரர்கள் புது அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவுமில்லை, உடைந்ததைச் சரிசெய்யவுமில்லை.

ஏன்? இதை நம்மைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டும். புகைபோக்கியின் இழுவிசை எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். இரண்டு மீட்டர் உயரம், உள்ளே 150 டிகிரி, வெளியே 30 டிகிரி என்றால் சுமார் ஆறு பாஸ்கல். முக்கால் மில்லிமீட்டர் தண்ணீர் உயரம்கூட இல்லை! அவ்வளவு மெல்லிய பலத்தில்தான் மொத்தப் புகையும் வெளியே போக வேண்டும். உள்ளே கரி படிந்து குழாய் கொஞ்சம் சுருங்கினாலும் புகை திரும்பி அடுக்களைக்குள் வந்துவிடும். அப்படியானால் பைப்பைக் கழற்றித் துடைக்கிற மாதிரி அல்லவா செய்திருக்க வேண்டும்? சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டுப் போனால்? சின்ன வாய் வைத்த அடுப்புக்கு விறகைச் சிறு சிறு துண்டாகப் பிளக்க வேண்டும். யார் பிளப்பது? பானை வாயளவு ஒன்றாக, அடுப்பு வாயளவு வேறாக இருந்தால் இடைவெளியில் சூடெல்லாம் போய்விடும். அம்மாவின் பானையை யாராவது அளந்தார்களா? எனக்குத் தெரிந்து, ஃபிட் அண்ட் டாலரன்ஸ் பார்க்காமல் ஷாஃப்ட் போட்ட கதைதான் இது.

நல்ல அடுப்பு எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்றும் பாருங்கள். சாதாரண மூணு கல் அடுப்பின் திறன் 10 முதல் 15 சதவீதம். காய்ந்த விறகு கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி என்று வைத்துக்கொண்டால், பாத்திரத்துக்குப் போவது சுமார் 420. ஒரு சிலிண்டர் வேலையைச் செய்ய 250 கிலோ விறகு வேண்டும். அதே அடுப்பை 25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 120 கிலோ போதும். மிச்சம் 130 கிலோ, அம்மா தலையில் சுமக்காத சுமை. இதற்கு ராக்கெட் சயன்ஸ் தேவையில்லை. ராக்கெட் ஸ்டவ் போதும்! அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து அப்ரோவெச்சோ மையத்தில் லாரி வினியார்ஸ்கி 1980-களில் செய்தது: எல் வடிவத்தில் மடங்கிய எரியறை, உள்ளே சூடு வெளியேறாத சுவர், அடியில் காற்றுக்குக் கம்பித் தட்டு. நாம் இரண்டாம் வருஷத்தில் செய்கிற ஷீட் மெட்டல் ஜாபைவிட எளிது.

இன்டக்ஷன் அடுப்பைப் பற்றிக் கேட்பீர்கள். நல்லதுதான், வாங்கலாம். தமிழ்நாட்டில் 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சின்னச் சமையலுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் அலுமினியக் குண்டானையும் மண்சட்டியையும் அது திரும்பிப் பார்க்காது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் அதுவும் மூச்சு வாங்கும். ஐந்தாவது அடுப்பாக வரட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்தத் திரி ஸ்டவ்வை மட்டும் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். புகை, நாற்றம், வெடிக்கிற பயம் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் ஒரே அடுப்பு அது. எல்லா அடுப்பும் வாழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில அடுப்புகளுக்குப் பழைய இரும்புக் கடைதான் மரியாதை.

ஒவ்வொரு வருஷமும் நம் டிபார்ட்மெண்டில் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்று என்னென்ன வருகிறது? பக்கத்து டவுனில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஆட்டோமேட்டிக் அது, ரிமோட் கண்ட்ரோல் இது. காசு கொடுத்து வாங்கி, பெயிண்ட் அடித்து, வைவா முடிந்ததும் ஸ்டோர் ரூமில் போடுகிறோம். அங்கே இப்போது கால் வைக்க இடமில்லை. நம்மில் பாதிப் பேருடைய அம்மாக்கள் இன்னும் ஒருவேளையாவது விறகில் சமைக்கிறார்கள் என்பது என் கணிப்பு. மறுப்பவர்கள் லீவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். ஒரு தராசு, ஒரு தெர்மாமீட்டர், ஒரு கடிகாரம் போதும். ஐந்து லிட்டர் தண்ணீர் கொதிக்க எத்தனை கிலோ விறகு ஆகிறது என்று பழைய அடுப்பில் ஒரு தடவை, திருத்திய அடுப்பில் ஒரு தடவை எடை போட்டால் அதுவே ப்ராஜெக்ட் ரிப்போர்ட். ரீடிங் எடுப்பதற்கு முன்னால் அம்மாவிடம் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். டிசைன் டேட்டா அங்கேதான் இருக்கிறது.

எங்கள் குழுவில் மூன்று பேர் சேர்ந்து இந்த வருஷம் கொடியடுப்புக்குத்தான் பெயர் கொடுத்திருக்கிறோம். பெரிய அடுப்பின் அடியில் வார்ப்பிரும்புக் கம்பித் தட்டு. சின்ன வாயின் பின்பக்கத்திலிருந்து நாலு அங்குலத் தகரக் குழாய். கழற்றித் துடைக்க நடுவில் ஒரு மூடி. ஓலைச் சாய்ப்பு என்பதால் குழாய் கூரையைத் தொடும் இடத்தில் தீப்பிடிக்காமல் சுற்றிலும் தகரத் தட்டு வைத்து இடைவெளி விட வேண்டும். வரைபடத்தை அம்மாவிடம் விரித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, பானை இறக்கற பக்கம் கொழாய வச்சிருக்க. கை சுட்டுக்கும். அந்தாண்ட மாத்து" என்றார். மாற்றியாகிவிட்டது. கூரையில் ஓட்டை போடுவது மட்டும் ஐப்பசி மழை முடிந்த பிறகுதான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.